எண்ணெய் படியும் நகங்களில் பிரெஸ்-ஆன் நகம் நிலைத்து நிற்க: வடசென்னை வாசகிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒட்டிய இரண்டாம் நாளே, பசையால் ஒட்டி அணியும் ஆயத்தச் செயற்கை நகமான பிரெஸ்-ஆன் நகம் கழன்று விழுந்தால், பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது பசையைத்தான். வேறு பசை, அதைவிட விலை கூடிய பசை என்று மாற்றிக்கொண்டே போவார்கள். எண்ணெய் வைத்த நெற்றியில் எந்த ஸ்டிக்கர் பொட்டும் நிற்காது. நகத்திலும் அதே கதைதான். பசை பிடிக்க வேண்டிய பரப்பின் மீது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை, எவ்வளவு நல்ல பசையும் அந்தப் படலத்தின் மேல்தான் ஒட்டும், நகத்தின் மேல் ஒட்டாது. அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது, துடைத்த பிறகு எவ்வளவு விரைவில் திரும்பி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டு, துடைத்த கையோடு ஒவ்வொரு விரலாக ஒட்டுவதே உறுதியான வழி. கீழே சொல்லப்போகும் படிகள் அனைத்தும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது

நகத்தகடு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. விரல் நகத்தில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் எண்ணெய்ச் சுரப்பி எதுவும் கிடையாது. உள்ளங்கையிலும் கிடையாது. ஆகவே "எனக்கு நகமே எண்ணெய் சுரக்கிறது" என்று நினைப்பவர்கள் தங்கள் கைகளை ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பார்க்க வேண்டும். தலைவாரும்போது தேங்காய் எண்ணெய், முகத்தைத் துடைக்கும்போது நெற்றி, மூக்கு ஆகியவற்றின் எண்ணெய், தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், மீன் குழம்பும் பிரியாணியும் பிசைந்து உண்ணும் வலது கை, இரவில் தடவும் கிரீம் என எல்லாமே விரல் நுனியில் வந்து சேர்கின்றன. முகமும் தலையும் எண்ணெய்ப் பிசுக்கு உடையவர்களுக்கு நகமும் எப்போதும் பளபளவென்று இருப்பதற்கு இந்தத் தொடுகைதான் பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது எதிரி ஈரம். விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. கடற்காற்று ஏறிய இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்தால் அவை ஓய்வதே இல்லை. நகத்தகடு தண்ணீரை எளிதில் உறிஞ்சும். நீர் ஏறிய நகம் சற்று உப்பி வளைந்துகொடுக்கும்; காய்ந்து இறுகிய நகப் பசையோ வளையாது. நகம் உப்புவதும் காய்வதுமாக இருக்கும்போது, இடையில் இருக்கும் பசை ஓரத்திலிருந்து விடத் தொடங்குகிறது.

மூன்றாவதாக, நம் பகுதிக்கே உரிய ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் வரும் வீடுகள் ஏராளம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்கை உண்டாக்கும். வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டோம் என்று நம்பும் நகத்தின் மீதும் அது படிகிறது. இதனால்தான் கடைசியாக ஒரு முறை கேன் தண்ணீரிலோ குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரிலோ கைகளை அலசச் சொல்கிறேன். இரண்டு குவளைத் தண்ணீர் போதும்.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

செவ்வாய், வெள்ளிகளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் அன்றோ மறுநாளோ நகம் ஒட்டக் கூடாது. இரண்டு நாள் இடைவெளி விட்டு, தலையில் எண்ணெய் இல்லாத ஓர் இரவில், சாப்பிட்டுப் பாத்திரங்களைத் தேய்த்து அடுப்படியை மூடிய பிறகு உட்காருவது மிகச் சிறந்தது. அதன் பின் காலை வரை கையில் தண்ணீர் படாது என்பதே இந்த நேரத்தின் பெருமை. நகப் பசை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாலும் அதன் முழு வலுவை அடைய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

திருமணத்துக்காக ஒட்டுபவர்கள் சடங்குகளின் வரிசையை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நலங்கில் எண்ணெயும் மஞ்சளும் கையில் படும். மஞ்சள் வெளிர் நிற நகங்களில் கறையாகவும் தங்கிவிடும். மருதாணி சிவக்க வேண்டும் என்று தைல எண்ணெய் தடவுவதும் நம்மிடையே உண்டு. எனவே மருதாணி முதலில், நலங்கு அடுத்து, இரண்டும் முடிந்து கையை நன்றாகக் கழுவிய பிறகு முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் நகம் என்பதே சரியான வரிசை. இந்த வரிசையைப் பார்லர்காரரிடம் விட்டுவிடாமல் மணப்பெண்ணே சொல்லிவிட வேண்டும்; அவசரத்தில் மருதாணி உலர்வதற்குள் நகத்தை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

தொழுகைக்கு முன் உளூ எனப்படும் கழுவுதலைச் செய்பவர்களுக்கு நகத்தின் மீது நீர் பட வேண்டியது கட்டாயம் என்பதால், நாட்கணக்கில் நிற்கும் பசை ஏற்றதல்ல. விழா நேரத்துக்கு மட்டும் ஒட்டிப் பிரிக்கக்கூடிய, இருபுறமும் ஒட்டும் ஜெல்லி ஸ்டிக்கரே அவர்களுக்குப் பொருந்தும்.

வாங்க வேண்டியவை

சௌகார்பேட்டை, பாரிமுனைக் கடைகளிலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஃபேன்சி ஸ்டோர்களிலும் பிரெஸ்-ஆன் நகமும், நகத்தின் மேற்பரப்பைத் தேய்க்கும் பஃபரும் எளிதாகக் கிடைக்கும். பசையை மட்டும் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் இடத்தில் நெடுநாள் தொங்கிய குப்பியில் பசை கெட்டியாகியிருக்கும். சாய்த்தால் தண்ணீர் போல ஓடவேண்டிய பசை மெல்ல நகர்ந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் ஃபெவிக்விக்கும் நகப் பசையைப் போலவே சயனோஅக்ரிலேட் என்னும் பசைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அது நகத்துக்கும் தோலுக்கும் என்று தயாரிக்கப்பட்டதல்ல. அதைப் பயன்படுத்தவே கூடாது.

எண்ணெயை எடுப்பதற்குச் சுத்தமான அசிட்டோன் அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அது இரண்டாம் தரம். இங்கே பலர் தெரியாமல் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஹேண்ட் சானிடைசரில் கை வறண்டுபோகாமல் இருக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள், ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் வாசனை நெயில் பாலிஷ் ரிமூவர்கள் பலவற்றில் எண்ணெயோ வைட்டமின் ஈயோ கலந்திருக்கும். இவற்றால் துடைத்தால் பழைய எண்ணெய் போய்ப் புதிய படலம் வந்து சேரும். புட்டியின் பின்புறம் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இவற்றோடு 180 அல்லது 240 கிரிட் (சொரசொரப்பின் அளவு) பஃபர், நகம் தேய்க்கும் ஃபைல், மரக்குச்சி, நூல் பிரியாத துடைப்புத் துண்டுகள் ஆகியவை போதும். பஞ்சு வேண்டாம்; அதன் இழை நகத்தில் தங்கும் என்பது ஒரு காரணம், நகப் பசை பஞ்சின் மீதோ பருத்தித் துணியின் மீதோ சிந்தினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடக்கூடும் என்பது அதைவிட முக்கியமான காரணம். நைட்டியின் மடியில் பசைக் குப்பியை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது.

முதல் படி: அளவு பார்த்தல்

கையைச் சுத்தம் செய்வதற்கு முன்பே பத்து விரல்களுக்கும் நகத்தைப் பொருத்திப் பார்த்து வரிசையாக அடுக்கி வைத்துவிட வேண்டும். சுத்தம் செய்த பிறகு பெட்டியைத் துழாவினால் எண்ணெய் மறுபடியும் விரலில் ஏறிவிடும். நகம் ஒரு பக்கவாட்டு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சரியாக உட்கார வேண்டும், தோலின் மேல் ஏறக் கூடாது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருந்தால் பெரியதை எடுத்து ஓரங்களை ஃபைலால் தேய்த்துக் குறைப்பதே முறை. சிறியதை அழுத்தி ஒட்டினால் அது தன் பழைய வளைவுக்குத் திரும்பவே முயன்றுகொண்டிருக்கும். எண்ணெய் துளியும் இல்லாத நகத்திலிருந்துகூட விட்டுவிடும். உங்கள் நகம் தட்டையாகவும் பிரெஸ்-ஆன் அதிகம் வளைந்தும் இருந்தால், அதைச் சில நொடிகள் வெந்நீரில் போட்டு மெதுவாக விரித்து, நன்கு உலரவிட்டுப் பயன்படுத்தலாம்.

நீளத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது. சமைப்பவர்களும் பாத்திரம் தேய்ப்பவர்களும் குட்டை நகத்தையே எடுக்க வேண்டும். நீள நகத்தின் நுனியில் படும் சிறு இடியும் நெம்புகோலாக மாறி அடிப்பகுதியைத் தூக்கிவிடும்.

அடுக்கி வைத்த நகங்களின் உட்புறத்தையும் தயார் செய்ய வேண்டும். பளபளப்பான பிளாஸ்டிக்கில் பசைக்குப் பிடிமானம் குறைவு; உட்புறத்தைப் பஃபரால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து வையுங்கள். அசிட்டோன் இங்கே ஆகாது, அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

இரண்டாம் படி: தோலை ஒதுக்குதல், கழுவுதல்

நகத்தின் அடிப்பகுதியில் மெல்லிய இறந்த தோல் படலம் நகத்தகட்டின் மீது ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பசை விழுந்தால் அந்தத் தோல் உதிரும்போது நகமும் சேர்ந்து தூக்கும். அதை ஒதுக்கக் கையை வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் ஊறிய நகம் நீரேறிய நகம் என்பதால் அந்த வேலையை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் போதும். உயிருள்ள தோலை வெட்டக் கூடாது; கிருமி நுழையாமல் காக்கும் அரண் அது.

ஒட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக, பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒரு சொட்டு எடுத்து, பழைய மென்மையான பல் துலக்கியால் நகத்தின் மேலும் பக்கக் குழிகளிலும் நுனியின் அடியிலும் தேய்த்துக் கழுவுங்கள். கிரீம் கலந்த குளியல் சோப்பு இங்கே உதவாது. மேலே சொன்னபடி நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். தலைமுடியையும் முகத்தையும் தொடாதீர்கள். பலர் தவறவிடும் அரை மணி நேரம் இதுதான்.

மூன்றாம் படி: பளபளப்பை நீக்குதல்

பஃபரால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, நகத்தின் மினுமினுப்பு மறைந்து மங்கலாகத் தெரியும் அளவில் நிறுத்திவிடுங்கள். பக்க ஓரங்களிலும் அடிப்பகுதியிலும் பஃபர் எட்டாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும் மூலைகளைத் தேடித் தேய்க்க வேண்டும். கழலும் நகம் பெரும்பாலும் அந்த மூலைகளிலிருந்துதான் கழல்கிறது. எண்ணெய் நகம் என்பதற்காக அழுத்தித் தேய்த்து நகத்தை மெலியவைக்காதீர்கள். மெலிந்த நகம் இன்னும் அதிகமாக வளையும், பசை இன்னும் சீக்கிரம் விடும். தூளை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் படியும்.

நான்காம் படி: துடைத்தலும் ஒட்டுதலும்

இந்த இரண்டையும் ஒரே படியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பத்து நகங்களையும் முதலில் துடைத்துவிட்டுப் பிறகு முதல் விரலிலிருந்து ஒட்டத் தொடங்குவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் முறை. வறண்ட ஊரில் அது போதுமானதாக இருக்கலாம். நம் ஊரின் புழுக்கத்தில் எட்டாவது விரலுக்கு வருவதற்குள் அதில் வியர்வை ஏறியிருக்கும், குப்பியையும் நகத்தையும் பிடித்த விரல்களில் பிசுக்கும் படிந்திருக்கும். ஆகவே ஒரு விரலைத் துடையுங்கள், அந்த விரலுக்கு ஒட்டுங்கள், பிறகு அடுத்த விரலுக்குப் போங்கள்.

ஒவ்வொரு விரலையும் இரண்டு முறை துடைக்க வேண்டும். முதல் துடைப்பு எண்ணெயைக் கரைத்து இடம் மாற்றும்; புதிய துண்டால் செய்யும் இரண்டாவது துடைப்புதான் அதை நகத்தை விட்டு எடுக்கும். ஒரே துண்டால் ஐந்து விரல்களையும் துடைப்பது ஒரு விரலின் எண்ணெயை மற்ற விரல்களுக்குப் பங்கிடுவதாகும். துடைத்த நகம் சில நொடிகளில் வெளிறித் தெரியும். வெளிறாமல் திட்டுத் திட்டாக மினுங்கினால் அங்கே எண்ணெய் இன்னும் இருக்கிறது.

கடைகளில் டிஹைட்ரேட்டர், பிரைமர் என்று விற்பவற்றில் முதலாவது, விரைவில் ஆவியாகும் கரைப்பான்தான். மேற்சொன்ன துடைப்பை ஒழுங்காகச் செய்தால் அது கட்டாயமில்லை. பிரைமர் என்பது பசை பிடிப்பதற்கு இடும் அடிப்பூச்சு; கை அதிகம் வியர்ப்பவர்கள் அமிலமற்ற பிரைமரை மெல்லிய ஒரு பூச்சாக இடலாம். மெத்தாக்ரிலிக் அமிலம் உள்ள பிரைமர் தோலைச் சுடும் தன்மை உடையது. வீட்டு உபயோகத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பசை விஷயத்தில் குறைவே நிறைவு. சயனோஅக்ரிலேட் பரப்பிலுள்ள நுண்ணிய ஈரத்தால் தூண்டப்பட்டு இறுகுவது. மெல்லிய படலமாக இருந்தால்தான் விரைவாகவும் வலுவாகவும் இறுகும், தடிமனாக ஊற்றினால் நடுவில் நெடுநேரம் இறுகாமல் கிடக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது எதிர்பார்த்ததைவிட வேகமாக இறுகும் என்பதால், பசையை இட்டுவிட்டு யோசிக்க நேரமில்லை. உங்கள் நகத்தின் நடுவில் ஒரு சிறு சொட்டு, பிரெஸ்-ஆனின் உட்புறத்தில் அடிப்பகுதியை ஒட்டி ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். நகத்தை ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பிடித்து, அடிப்பகுதியைத் தோலின் ஓரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வைத்து, அங்கிருந்து நுனியை நோக்கி மெல்லக் கீழே இறக்குங்கள். இப்படிச் செய்தால் உள்ளிருக்கும் காற்று நுனிப் பக்கமாக வெளியேறும். பிறகு அசையாமல் நடுவிலும் இரு ஓரங்களிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். தோலுக்கு வழிந்த பசையை மரக்குச்சியால் உடனே எடுத்துவிடுங்கள்.

சுண்டு விரலிலிருந்து தொடங்கிக் கட்டைவிரலைக் கடைசியில் ஒட்டுவது நல்லது. மற்ற நகங்களைப் பிடித்து வைக்கக் கட்டைவிரல்தான் தேவைப்படுகிறது. வலது கைக்காரர்களுக்கு வலது கை நகங்களைத் தாமே ஒட்டுவது கடினம். அக்காவையோ தோழியையோ உதவிக்கு அழைத்தால் அவர்களின் விரல்களும் எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

ஒட்டிய பிறகு

காலை வரை தண்ணீர் வேண்டாம். ஒரு நாள் வரை தலைக்கு எண்ணெயும் கைக்கு கிரீமும் வேண்டாம். பிறகு பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் ரப்பர் கையுறை அணிவதே நகத்தின் ஆயுளை நீட்டிக்கும் பெரிய காரியம். காசிமேட்டில் மீன் வாங்குபவர்கள் அங்கேயே கூலிக்கு வெட்டிச் சுத்தம் செய்து தருபவர்களிடம் கொடுத்து வாங்கிவரலாம். மீன் கழுவும் வேலையில் எண்ணெயும் நீரும் செதிலின் இடியும் ஒன்றாகச் சேர்ந்து வரும். தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் சீப்பின் உதவியால் தடவிவிட்டு உடனே கையைக் கழுவுங்கள்.

நன்றாக ஒட்டிய நகம் ஒன்று முதல் இரண்டு வாரம் நிற்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால், இரண்டு வாரத்தில் அடிப்பகுதியில் இடைவெளி தெரியும், நகத்தின் எடையும் நுனியை நோக்கி நகர்ந்துவிடும்.

கழன்ற நகத்தைப் படித்தல்

கழன்று விழுந்ததை உடனே மறுபடியும் ஒட்டாமல் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பசை முழுவதும் பிரெஸ்-ஆனோடு வழவழப்பான தகடாக வந்துவிட்டு உங்கள் நகம் சுத்தமாக இருந்தால், உங்கள் நகத்தில் எண்ணெய் இருந்திருக்கிறது. துடைப்பைத் திருத்த வேண்டும். மாறாக, பசை உங்கள் நகத்தில் தங்கிப் பிரெஸ்-ஆன் மட்டும் மினுங்கிக்கொண்டு வந்திருந்தால், அதன் உட்புறத்தைச் சொரசொரப்பாக்காததே காரணம். பசை வெள்ளையாகப் பூத்து நுரைபோல் இருந்தால் ஈரம் மிகுந்திருக்கிறது, அல்லது பசை அதிகம். நடுவில் பிடித்து இரு ஓரங்களும் விட்டிருந்தால் அளவும் வளைவும் பொருந்தவில்லை. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மறுபடி மறுபடி கழன்றால், ஒட்டிய விதத்தில் குறையில்லை. பூட்டு, டப்பா மூடி, கேஸ் லைட்டர் ஆகியவற்றை நகத்தால் நெம்பும் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

ஓரத்தில் மட்டும் தூக்கிய நகத்துக்குள் பசையைச் செலுத்தி மூடுவது ஆபத்தானது. உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கி, சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சை நிறமாகும். முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்து உலரவிட்ட பிறகே மறுபடி ஒட்ட வேண்டும். பச்சை நிறம், வலி, சீழ், விரலைச் சுற்றி அரிப்போ கொப்புளமோ தெரிந்தால் ஒட்டு நகத்தை நிறுத்திவிட்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். நகப் பசையிலும் ஜெல்லிலும் உள்ள அக்ரிலேட்டுகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

செவிலியர்கள் பிரெஸ்-ஆன் நகத்தைப் பணிநாட்களில் அணியவே கூடாது. நோயாளிகளைத் தொட்டுப் பணியாற்றுவோர் செயற்கை நகம் அணியக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு கை சுகாதார வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், ஏனெனில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம்.

கழற்றுதல்

இதுவரை விலக்கிவைத்த எண்ணெயும் நீரும் இப்போது நமக்கு உதவிக்கு வரும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் விரல்களை ஊறவைத்து, மரக்குச்சியை ஓரத்தில் செலுத்தி இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் நகம் விட்டு வரும். வராவிட்டால் மறுபடியும் ஊறவையுங்கள், அல்லது ஓரங்களில் அசிட்டோனைத் தடவிக் காத்திருங்கள். பிய்த்து எடுத்தால் நகத்தகட்டின் மேல் அடுக்கும் சேர்ந்து உரியும். அப்படி உரிந்த இடத்தில் அடுத்த முறை எந்தப் பசையும் சரியாக நிற்காது. கழற்றிய பின் சில நாட்கள் நகத்துக்கு ஓய்வு கொடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வாருங்கள்.

பிரெஸ்-ஆன் நகங்களின் உட்புறத்தில் தங்கிய பழைய பசையை ஃபைலால் தேய்த்தெடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, விரல் வரிசைப்படி பெட்டியில் வைத்தால் மறுபடியும் பயன்படுத்தலாம். பசைக் குப்பியின் மூக்கைத் துடைத்து இறுக மூடி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். குளிர்ந்த குப்பியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து மீதிப் பசை முழுவதும் கெட்டியாகிவிடும்.